டைரக்டரி சார் போட்ட முப்பது கையெழுத்து

என் சிட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீ வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறாய் என்று தெரிந்தால் இன்னும் நன்றாக இருப்போம். ஞாயிற்றுக்கிழமைதானே வீடியோவில் பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். அன்றைக்கு நீ, ஏம்மா ஒரு மாதிரியா இருக்கே, உடம்பு சரியில்லையா என்று இரண்டு தரம் கேட்டாய், நான் லைட் வெளிச்சம் அப்படித் தெரியுது என்று சமாளித்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆபீஸில் ஒரு தப்புச் செய்துவிட்டேன், அதை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வாய் வரவில்லை. எனக்குத்தான் நாலு பேர் எதிரில் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளுமே, எங்கள் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி என்று பட்டம் வாங்கப் போன இடத்தில், வாசலில் பெயர் கேட்டவரிடம் பெயரைச் சொல்ல வராமல் அழைப்பிதழை நீட்டியவள் நான். எழுதினால் வரும். அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் அப்பா சமாசாரம். காது மெஷின் வாங்கியாயிற்று. லேத் பட்டறையில் இருபத்தாறு வருஷம் இரைச்சல் கேட்ட காதுக்கு இப்போது நான் தட்டு கழுவுகிற சத்தம் இடி மாதிரி இருக்கிறதாம், அதனால் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறார், ஆக அவருடைய சட்டைப் பைக்கு நன்றாகக் காது கேட்கிறது. டிவியில் பேசுவதெல்லாம் கீழே எழுத்தாக வருகிற மாதிரி நீ போன தடவை வந்தபோது செய்து வைத்துவிட்டுப் போனாயே, அதைத்தான் நம்பியிருக்கிறார். எழுத்து கொஞ்சம் பிந்தி வருவதால் நான் சிரித்து முடித்த பிறகு அவர் சிரிக்கிறார், ஒரே ஜோக்குக்கு வீட்டில் இரண்டு தடவை சிரிப்பு. மாடி வீட்டுக்காரர் வந்து என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போனார். தண்ணீர்க் குழாயையும் ஒருவழியாகச் சரிசெய்துவிட்டோம், இனி சொட்டாது என்று பிளம்பர் சத்தியம் செய்திருக்கிறார், பார்ப்போம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எட்டு மாதம் முன்னால் என்னை ஆஸ்பத்திரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றினார்கள் இல்லையா, லிஃப்டுக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத ஒரு சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு மேஜை விசிறி. அங்கே ஆபரேட்டராக இருப்பவரைத் தலைமை டாக்டரிலிருந்து லிஃப்ட்காரர் வரைக்கும் டைரக்டரி சார் என்றுதான் கூப்பிடுவார்கள். பிறவியிலேயே பார்வை கிடையாது, வயதில் அப்பாவைவிட இரண்டு குறைவு. நானூற்றுப் பன்னிரண்டு உள் நம்பர்களும் அவருக்கு மனப்பாடம். போனை எடுத்ததும் எதிர்முனை வாயைத் திறக்கும் முன்பே, எலும்பு வார்டா சிஸ்டர், சொல்லுங்க என்பார். எப்படி சார் என்று கேட்டதற்கு, அந்த லைன்ல மட்டும் ஒரு கரகரப்பு இருக்கு, ரிப்பேர்காரன் வந்தா நானே திருப்பி அனுப்பிடுவேன், எனக்கு அது விலாசம் மாதிரி என்றார். நான் சேர்ந்த முதல் நாள் அவர் கேட்டதற்கெல்லாம் பழக்கதோஷத்தில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தவர், மேடம், நீங்க தலையாட்டுறீங்கன்னு உங்க தொங்கட்டான் சொல்லுது, ஆனா ஆமாவா இல்லையான்னு அது சொல்ல மாட்டேங்குதே என்றார். அன்றிலிருந்து அவரிடம் எனக்குக் கூச்சம் போய்விட்டது. உலகத்தில் நான் யோசிக்காமல் பேசுகிற ஆட்கள் நீ, அப்பா, சித்தி, அப்புறம் அவர்தான்.

அவருடைய கம்ப்யூட்டரில், திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் இருக்கிறது. உனக்குத் தெரிந்திருக்கும், எனக்கு அது புதுசு. அவர் வைத்திருக்கிற வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது, தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி இருக்கும். ஒரு காதில் அந்த மழை, இன்னொரு காதில் போனில் பேசுகிற ஆள், இரண்டையும் கேட்டுக்கொண்டே விரல் சரியான பட்டனுக்குப் போகும். மௌஸைத் தொடவே மாட்டார், எல்லாம் கீபோர்டுதான். நான் படித்த படிப்பெல்லாம் சேர்த்தாலும் அவர் ஒரு காலை நேரத்தில் செய்கிற வேலைக்கு ஈடாகாது என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

மூன்று மாதம் முன்னால் ஆஸ்பத்திரி இரண்டு புதுக் கட்டிடங்களுக்குப் பரவியது. டாக்டர்கள் எல்லாரும் கைப்பேசிக்கு மாறினார்கள், டியூட்டி நாளைக்கு மூன்று தடவை மாறத் தொடங்கியது. இனி மனப்பாடம் போதாது என்று ஒரு கம்பெனியிடம் சொல்லி, யார் எங்கே டியூட்டி, என்ன நம்பர் என்று காட்டுகிற ஒரு இணையப் பக்கத்தைச் செய்து வாங்கினார்கள். பார்க்க அழகான பக்கம், இளநீலத்தில் சின்னச் சின்னப் படங்கள், குழந்தை படம் பிரசவ வார்டு, எலும்பு படம் எலும்பு வார்டு. விடுப்பில் இருக்கிற டாக்டரின் பெயர் சிவப்பில் இருக்கும். ஆனால் டைரக்டரி சாருடைய ஸ்கிரீன் ரீடர் அந்தப் பக்கத்தில் போய் நின்றால் பட்டன், பட்டன், பட்டன் என்று மட்டும்தான் சொல்லியது. படத்தைப் போட்டவர்கள் அதற்குப் பெயர் கொடுக்கவில்லை. சிவப்பை அது சிவப்பு என்று சொல்லாது. டியூட்டி பட்டியலையோ சில வார்டுகள் கையால் எழுதி, போட்டோ எடுத்து ஏற்றிவிடுவார்கள், அதற்கு அது படம் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். இரண்டு நிமிஷம் ஒன்றும் தட்டாமல் இருந்தால் பக்கம் தானாகவே வெளியே தள்ளிவிடும், அவர் ஒவ்வொரு பட்டனாகத் தேடி உள்ளே போவதற்குள் கதவைச் சாத்திவிடுகிற மாதிரி.

முப்பது நாள் சோதனை என்று வைத்தார்கள். மேனேஜர் அம்மா நல்லவர்தான், சத்தம் போட்டுப் பேச மாட்டார். சோதனை ஆரம்பிக்கிற அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவரால முடியலைன்னா கஷ்டப்படுத்த வேண்டாம்மா, மருந்து கவுன்டர் பக்கத்துல டோக்கன் மெஷின் இருக்குல்ல, அங்க ஒரு சீட் போட்டுடலாம் என்றார். நான் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். டோக்கனை மெஷினே கொடுத்துவிடுகிறது. பக்கத்தில் உட்காருகிறவருக்கு மெஷினுக்குத் துணை இருப்பதுதான் வேலை. டைரக்டரி சாரை அந்த நாற்காலியில் என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

தினமும் சோதனை முடிந்ததும் ஒரு தாளை நிரப்ப வேண்டும். அது காகிதத் தாள். எனக்குப் படிக்க முடியுதான்னு கேட்கிற தாளை எனக்குப் படிக்க முடியாத மாதிரி அடிச்சிருக்காங்க பாருங்க, இதுக்கே ஒரு பரிசு கொடுக்கணும் என்று சிரித்துவிட்டு, நான் சொல்றேன், நீங்க எழுதுங்க என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் பழைய சீட்டுகளின் பின்பக்கத்தில் முதலில் குறித்துக்கொள்வேன். நாலாவது பட்டனுக்குப் பெயர் இல்லை. தேடும் கட்டத்தில் நுழைந்தால் கீபோர்டால் வெளியே வர முடியவில்லை. விடுப்பு என்பது வார்த்தையில் இல்லை. இப்படி ஒரு நாளைக்கு ஐந்தாறு. பிறகு தாளை எடுத்து நல்ல கையெழுத்தில் எழுதுவேன். சிட்டு, அந்தத் தாளில் பிரச்சினைகள் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் நான் எதுவும் இல்லை என்று எழுதினேன். முதல் நாள் எழுதுவதற்குள் மூன்று தடவை பேனாவை மூடித் திறந்தேன், பத்தாம் நாள் ஒரே மூச்சில் எழுதினேன். பிரச்சினை என்று எழுதினால் அந்த இணையப் பக்கத்தில் குறை என்று யாரும் படிக்க மாட்டார்கள், அவரிடம் குறை என்றுதான் படிப்பார்கள், உடனே டோக்கன் மெஷின் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயந்தேன். பக்கத்திலேயே நான் இருக்கிறேனே, நான் பார்த்துச் சொன்னால் போயிற்று என்று நினைத்தேன். அப்படித்தான் செய்தேன். குழந்தை டாக்டர் இன்னைக்கு லீவு சார், அடுத்தவருக்குக் கொடுங்க என்பேன், மௌஸை நானே நகர்த்துவேன், வேலை தடங்கலில்லாமல் ஓடியது. தாளை எழுதி முடித்ததும் கையெழுத்துப் போடும் இடத்தில் ஸ்கேலை வைத்து அவர் விரலை அதன் மேல் எடுத்து வைப்பேன், அவர் ஸ்கேலின் ஓரத்தோடு தன் முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாகப் போடுவார். கையெழுத்துப் போடக் கற்றுக்கொள்ள அவருக்கு நாலு மாதம் ஆனதாம், பெருவிரல் வைக்க மாட்டேன் என்று பிடிவாதமாகக் கற்றாராம். நான் எழுதிய பொய்க்குக் கீழே அந்தக் கையெழுத்தை முப்பது நாள் வாங்கினேன்.

சோதனை முடிந்த மறுநாள் மேனேஜர் அம்மா எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். கம்பெனியிலிருந்து அந்தப் பக்கத்தைச் செய்த பெண்ணும் வந்திருந்தாள், உன் வயதுதான் இருக்கும், தோளில் பெரிய பை, கண்ணில் தூக்கக் கலக்கம், எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. ரொம்பச் சந்தோஷம், முப்பது நாளும் ஒரு பிரச்சினையும் இல்ல, ஆபரேட்டரே கையெழுத்துப் போட்டிருக்கார் என்றார் மேனேஜர் அம்மா. அடுத்து அவர் சொன்னதுதான் என் தலையில் விழுந்தது. ஒருத்தரே தனியா இவ்வளவு நல்லாப் பார்த்துக்கிறப்ப அந்த ரூமுக்கு ரெண்டு பேர் எதுக்கு, ஒண்ணாம் தேதியிலேர்ந்து நீங்க ரெக்கார்ட்ஸ் செக்‌ஷனுக்கு சீனியரா போயிடுங்க என்றார் என்னைப் பார்த்து. ஒன்றாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. அதன் பிறகு அவர் தன்னந்தனியாக, பட்டன் பட்டன் என்று மட்டும் சொல்கிற பக்கத்தோடு உட்கார வேண்டும். அவசரத்துக்கு ஒரு வார்டு கூப்பிட்டு அவர் விடுப்பில் இருக்கிற டாக்டருக்கு லைன் கொடுத்தால் முதல் வாரத்திலேயே கதை முடிந்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போய், சோறு பரிமாறுகிற அன்றைக்குப் பூசணிக்காய் அவருடைய தட்டில் விழுந்த கதை.

டைரக்டரி சார் மேனேஜர் அம்மாவின் குரல் வந்த பக்கம் திரும்பினார். பிறகு, முப்பது நாள்ல ஒரு நாள்கூட ஒண்ணும் இல்லைன்னா எழுதியிருக்கு என்று கேட்டார். ஒரு நாள்கூட இல்ல என்றார் மேனேஜர் அம்மா. அவர், அப்ப நல்லது என்று சொல்லிவிட்டு எழுந்தார். நான் எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எக்ஸ்சேஞ்சுக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்திய பிறகு, ஏன் சார் அங்கயே உண்மையைச் சொல்லலை என்று நான் கேட்டேன், அழுகை வந்துவிட்டது. அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டே, சொன்னா உங்க வேலைக்கு ஆபத்து, சொல்லலைன்னா என் வேலைக்கு ஆபத்து, ஒரே ரூம்ல ரெண்டு பேருக்கும் வேலை போனா ஆஸ்பத்திரிக்கே அசிங்கம் என்றார். சிரிக்க வைக்கச் சொன்ன வார்த்தை, ஆனால் சிரிக்கிற குரல் இல்லை. பிறகு சொன்னார், நீங்க எனக்கு நல்லதுதான் நினைச்சீங்க மேடம், அது தெரியாதவன் இல்ல. ஆனா இந்த முப்பது நாளா நாம ஒருத்தர்கிட்ட பேசிட்டிருக்கோம், அவங்க நாம சொல்றதைக் கேட்டுச் சரிபண்ணப் போறாங்கன்னு நம்பிட்டிருந்தேன், நான் சுவர்கிட்ட பேசியிருக்கேன். இதைச் சொல்லிவிட்டு அடுத்த போனை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து வேலைக்கு வேண்டிய வார்த்தையைத் தவிர என்னிடம் வேறு பேசவில்லை. டீ வந்தால் குடித்துவிட்டு நன்றி சொல்லுவார், அந்த நன்றிதான் என்னை அறுத்தது.

இதை அப்பாவிடம் சனிக்கிழமை சாயங்காலம் பால்கனியில் துணி மடித்துக்கொண்டே சொன்னேன். நல்லவேளை மெஷின் பையில் இல்லை, காதில் இருந்தது. அவர் என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. பேங்க் கவுன்டர்ல எனக்குக் கேட்காதுன்னு நீ எனக்குப் பதிலாப் பேசுவியே, அப்ப அந்தப் பொண்ணு யாரைப் பார்த்துப் பேசும் தெரியுமா என்று கேட்டார். என்னைத்தான் என்றேன். உன்னைத்தான், என் கணக்கைப் பத்தி உன்கிட்ட கேட்கும், நான் பக்கத்துல குடை மாதிரி நிப்பேன், வீட்டுக்கு வந்து உன்கிட்ட ஒண்ணும் சொல்றதில்ல, ஏன்னா நீ பாசத்துல பண்றே என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக நான் உதவி என்று நினைத்திருந்தது அவருக்குக் குடையாக நிற்பது. இப்ப நான் என்ன பண்ணணும் என்று கேட்டேன். என்னைக் கேட்டா, தாளை எழுதினவ நீ, போய் மாத்தி எழுது என்றுவிட்டு அவர் துணியை மடித்தார், வழக்கம் போலக் கையை உள்பக்கமாக விட்டுத் தப்பாகத்தான் மடித்தார்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் அம்மாவிடம் போனேன். நின்றுகொண்டு பேச வராது என்று தெரியும், அதனால் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போய் அதைப் பார்த்துப் படித்தேன். கம்பெனிப் பெண்ணும் வேறு வேலையாக அங்கே இருந்தாள், இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், நான் நிறுத்தவில்லை. முப்பது தாளும் நான் எழுதிய பொய், அவருக்கு அதில் என்ன இருந்தது என்று தெரியாது, அவர் உண்மையில் சொன்னவை இதோ என்று என் மேஜை டிராயரில் கிடந்த சீட்டுகளை எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துப் போயிருந்தேன், அதை மேஜையில் வைத்தேன். எல்லாவற்றையும் நல்லபடியாக மாற்றி எழுதியவளுக்கு அந்தச் சீட்டுகளைக் கிழித்துப்போட மட்டும் ஏனோ மனம் வந்ததில்லை. மேனேஜர் அம்மாவின் முகம் இறுகிவிட்டது. படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா என்றார். கம்பெனிப் பெண் ரப்பர் பேண்டைக் கழற்றி ஒவ்வொரு சீட்டாகப் படிக்க ஆரம்பித்தாள். முதலில் அவள் முகத்தில் கோபம்தான் இருந்தது, யார் வேலையைக் குறை சொன்னாலும் வருகிற கோபம். ஏழெட்டு சீட்டு தாண்டியதும் அது போய்விட்டது. இதைச் சொன்னவர் எங்கே என்று கேட்டாள்.

அன்று எக்ஸ்சேஞ்சில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எங்க பிரச்சினைன்னு காட்டுங்க சார் என்றாள். முதல்ல மானிட்டரை அணைங்கம்மா, நீங்க பார்த்துட்டிருக்கிற வரைக்கும் நான் சொல்றது உங்க காதுல ஏறாது என்றார். அணைத்தாள். ஸ்கிரீன் ரீடர் வேகத்தைக் குறைத்து அவளுக்கு ஹெட்போனைக் கொடுத்து, நீங்க செஞ்ச பக்கம்தானே, பிரசவ வார்டுல இப்ப யார் டியூட்டின்னு கண்டுபிடிச்சு எனக்கு லைன் போடுங்க என்றார். அவள் தட்டினாள், பட்டன் பட்டன் என்றது, எண்ணிப் பார்த்தாள், எண்ணிக்கை தப்பியது, வெளியே தள்ளியது, மறுபடி உள்ளே போனாள். நாலு நிமிஷம் கழித்து ஒரு லைன் போட்டாள், எடுத்தவர் பிணவறை என்றார். டைரக்டரி சார் போனை வாங்கி, ஒண்ணுமில்லப்பா, சும்மா சௌக்கியமான்னு கேட்கச் சொன்னாங்க என்று வைத்தார். அந்தப் பெண் முதலில் சிரித்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். சார், இதோட முப்பது நாள் எப்படி வேலை பார்த்தீங்க என்று கேட்டாள். நான் பார்க்கலை, மேடம் பார்த்தாங்க, அதான் நோய் என்றார். என் எதிரிலேயே சொன்னார், எனக்கு வலித்தது, ஆனால் அவர் சொன்னதில் எழுத்துப் பிசகில்லை.

அந்தப் பெண் நாலு நாள் வந்தாள். காலையில் அவள் திருத்திக்கொண்டு வருவாள், அவர் மானிட்டரை அணைக்கச் சொல்லுவார், இருவரும் இருட்டுத் திரைக்கு முன்னால் சண்டை போடுவார்கள். எல்லாத்தையும் விளக்கிச் சொல்லிடட்டுமா சார் என்பாள், வேண்டாம், நீளமாச் சொன்னா அதுக்குள்ள நோயாளி எழுந்து நடந்து போயிடுவார், ரெண்டு வார்த்தை போதும் என்பார். ஒவ்வொரு படத்துக்கும் பெயர் வந்தது. சிவப்புக்குப் பக்கத்தில் விடுப்பு என்று வார்த்தை வந்தது, அதைப் பார்த்து எலும்பு வார்டு சிஸ்டர், எனக்கும் இப்பத்தான் புரியுது, எனக்குச் சிவப்பும் பழுப்பும் ஒண்ணாத்தான் தெரியும், வெட்கப்பட்டுச் சொல்லலை என்று வந்து சொல்லிவிட்டுப் போனார். வெளியே தள்ளுவதற்கு முன் இன்னும் நேரம் வேண்டுமா என்று பக்கம் கேட்க ஆரம்பித்தது. பட்டியலைப் போட்டோவாக ஏற்றுவது மட்டும் கம்ப்யூட்டர் சமாசாரம் இல்லை, வார்டுகளின் சோம்பல், அதற்கு மேனேஜர் அம்மாவே தட்டச்சு செய்யாத பட்டியலை வாங்க மாட்டேன் என்று சுற்றறிக்கை விட்டார். கடைசி நாள் அந்தப் பெண் கிளம்பும்போது, இவ்வளவு தெளிவா எங்க கம்பெனியில சம்பளம் வாங்குற யாரும் எனக்குச் சொன்னதில்ல சார் என்றாள். அப்ப அவங்க சம்பளத்தை எனக்கு அனுப்பச் சொல்லுங்க என்றார் அவர். எனக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது, சீனியர் பதவி ஒரு வருஷத்துக்குத் தள்ளிப் போயிற்று, சாதாரண கிளார்க்காகத்தான் ரெக்கார்ட்ஸுக்குப் போகிறேன். அது நியாயம், நீ அதற்காக வருத்தப்படாதே, அப்பாவிடம் போனில் துக்கம் விசாரிக்காதே.

ஒன்று சொல்ல வேண்டும் உனக்கு. நீ வேலையைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் ஏதோ ஸ்கிரீன், ஏதோ டிசைன் என்று கேட்டுக்கொள்வேன், புரிந்ததில்லை. அந்தப் பெண் உட்கார்ந்து ஒரு பட்டனுக்கு இரண்டு வார்த்தையில் பெயர் வைக்க அரை நாள் யோசித்ததைப் பார்த்த பிறகுதான் என் மகள் என்ன வேலை செய்கிறாள் என்று தெரிந்தது, பெருமையாக இருந்தது. ஆனால் போன மாதம் நீ, பார்வை இல்லாதவங்களுக்கான வேலையெல்லாம் அடுத்த கட்டத்துல பார்த்துக்கலாம்னு மேல சொல்லிட்டாங்கம்மா என்றாய், நானும் சரி என்று கேட்டுக்கொண்டேன். இப்போது கேட்டால் சரி என்று சொல்ல மாட்டேன். உங்களுக்கு அது அடுத்த கட்டம், எங்கேயோ ஒருவருக்கு அது ஒன்றாம் தேதி. உன்னால் மேலே இருப்பவர்களை மாற்ற முடியாது, தெரியும். ஒரு தடவை அந்த மாதிரி ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து நீ உன் திரையை அணைத்துவிட்டு உட்கார். பாவம் என்று நீயாக ஒன்றும் செய்துவிடாதே, அவர்களைக் கேள். இதைச் சொல்கிற தகுதி எனக்கு இல்லை, தப்புச் செய்தவள் என்கிற தகுதியில்தான் சொல்கிறேன்.

கடிதத்தை நேற்று இந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். இன்று ஒன்றாம் தேதி, ரெக்கார்ட்ஸில் என் முதல் நாள். மூன்றாம் மாடியில், அலமாரிகளுக்கு நடுவில் ஒரு மேஜை, புதுசாக இணைத்த ஒரு போன். அதன் நம்பர் என்னவென்று எனக்கே தெரியாது, ஒட்ட வேண்டிய சீட்டை இன்னும் ஒட்டவில்லை. காலையெல்லாம் எக்ஸ்சேஞ்சில் என்ன நடக்கிறதோ என்று ஒரு ஃபைலைக்கூட ஒழுங்காகப் பிரிக்க ஓடவில்லை, இரண்டு தரம் படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். இறங்கவில்லை. பதினோரு மணிக்கு அந்தப் போன் அடித்தது. எடுத்து ஹலோ என்றேன், அவர் குரல். ரெக்கார்ட்ஸா, ஒரு பழைய ரிப்போர்ட் கேட்டு வெளியிலேர்ந்து கால் இருக்கு, கொடுக்கட்டுமா என்றார். சார், இந்த நம்பரை உங்களுக்கு யார் சொன்னாங்க என்று கேட்டேன். யாரும் சொல்லலை, அந்த இணையப் பக்கத்துல நானே தேடினேன், இருந்தது என்றார். நான் மறுபடி தலையைத்தான் ஆட்டியிருப்பேன். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, மேடம், லைன்ல ஆள் காத்துட்டிருக்காங்க, டீ டைம்ல கீழ வாங்க, பேசிக்கலாம் என்று சொல்லி இணைப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ரிப்போர்ட் கேட்டவர் மூன்று தடவை ஹலோ சொல்ல வேண்டியதாயிற்று. மூன்றரை மணிக்குக் கீழே போனேன், இரண்டு டீ வாங்கி வைத்திருந்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள். கழுத்து வலிக்குது என்றாயே, நாற்காலியை மாற்றச் சொல்லிக் கேள், கேட்கக் கூச்சப்படாதே, அந்தக் கூச்சம் என்னோடு போகட்டும். அப்பா உன்னிடம் போனில் பேசும்போது மெஷினைக் காதில் மாட்டச் சொல்லு, நான் சொன்னால் கேட்பதில்லை, நீ சொன்னால் மாட்டுவார். எந்த ஊரில் இருந்தாலும் நீ எடுத்த காரியம் உன் கைக்கு வசப்பட வேண்டும், உன்னால் நாலு பேருக்கு வழி திறக்க வேண்டும், நீ நிறைந்து வாழ வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம்.

உன் அம்மா,
ரெக்கார்ட்ஸ் செக்‌ஷன், மூன்றாம் மாடி
(நம்பரை அவரிடம் கேட்டுக்கொள்)